பென்சில்வேனியாவின் கிளீன் ஸ்லேட்: பதிவை மூடிய சட்டமும் போலீசுக்குப் போன சாலைப் பணமும்

பழைய குற்றப் பதிவுகளை, சம்பந்தப்பட்டவர் மனு போடாமலேயே கணினி தேடி எடுத்து, பொதுமக்கள் கண்ணில் படாதபடி மூட வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் பென்சில்வேனியா. 2018 ஜூன் 28 அன்று ஆளுநர் டாம் வுல்ஃப் அதில் கையெழுத்திட்டார். அரசாங்கக் கணக்கில் அது அந்த ஆண்டின் 56ஆவது சட்டம். மக்கள் வாயில் 'கிளீன் ஸ்லேட்'. தானியங்கி வேலை சரியாக ஓராண்டு கழித்து 2019 ஜூன் 28ல் தொடங்கியது. அடுத்த ஓராண்டுக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் மூடப்பட்டன.

இந்தக் கதையை மனிதாபிமானச் சீர்திருத்தமாக மட்டும் சொல்லி முடிப்பதுதான் வழக்கம். அது மனிதாபிமானச் சீர்திருத்தம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது ஏன் நடந்தது, எங்கே தடுக்கி நின்றது, யாரை இன்னும் எட்டவில்லை என்று பார்த்தால், மூன்று கேள்விக்கும் பதில் பணத்தில் போய் நிற்கிறது. கோர்ட்டின் கணினிக்கு யார் பணம் கொடுத்தார்கள், கோர்ட் செலவை யார் கட்டவில்லை, பதிவேட்டைக் காக்கும் போலீஸ் துறைக்கு எந்தக் கஜானாவிலிருந்து சம்பளம் போகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சட்டம் முழுதாகப் புரியும்.

முதலில் பிரச்சினை. அமெரிக்காவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு குற்றப் பதிவு இருக்கிறது. பதிவு என்றால் தண்டனை என்று அர்த்தமில்லை. கைது செய்து, வழக்குப் போட்டு, அது தள்ளுபடியாகியிருந்தாலும் பதிவு பதிவுதான். 19 வயதில் கடையில் ஏதோ திருடியதாகப் பிடிபட்டு, அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டிருக்கும். 45 வயதில் அந்த மனிதர் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய கைது திரையில் வந்து நிற்கும். வேலை கொடுப்பவர்கள், வீடு வாடகைக்கு விடுபவர்கள், கல்லூரிகள் எல்லோரும் பின்னணி விசாரிக்கிறார்கள். 'தள்ளுபடி' என்ற சொல்லைப் படிக்கும் பொறுமை எல்லோருக்கும் இருப்பதில்லை. 'கைது' என்பதிலேயே கண் நின்றுவிடுகிறது.

இதில் கணினிமயமாக்கலுக்கு நேரடிப் பங்கு உண்டு. முன்பெல்லாம் ஒருவரின் பழைய வழக்கைப் பார்க்க வேண்டுமானால் அந்த கவுன்ட்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) கோர்ட் அலுவலகத்துக்குப் போய், எழுத்தரிடம் கேட்டு, கட்டைப் புரட்ட வேண்டும். அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பாக இருந்தது. பென்சில்வேனியா தன் கோர்ட்டுகளை ஒரே கணினி அமைப்பில் இணைத்து, வழக்குத் தாள்களை இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்த பிறகு, பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் யாரும் யாரையும் பார்க்கலாம் என்றானது. நீதிமன்றம் திறந்த வெளியாக இருக்க வேண்டும் என்ற நல்ல கொள்கை, நடைமுறையில் ஒருவரின் மிக மோசமான நாளை நிரந்தரமாகத் தெருவில் ஒட்டி வைத்தது.

இதற்கு ஒரு பரிகாரம் ஏற்கெனவே இருந்தது: மனு. 2016ல் வந்த ஒரு சட்டம், பத்தாண்டுகள் புதிய வழக்கு இல்லாமல் வாழ்ந்தவர்கள் சில சிறு தண்டனைகளை மூடச் சொல்லி கோர்ட்டைக் கேட்கலாம் என்றது. ஆனால் கேட்பதற்கே 132 டாலர் கட்டணம். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனிப் படிவம், சில சமயம் வக்கீல், சில சமயம் நேரில் விசாரணை, அதற்காக வேலைக்கு ஒரு நாள் லீவு. அப்படி ஒரு வழி இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது என்பது வேறு.

மனு முறை எவ்வளவு பலவீனமானது என்பதைப் பக்கத்து வட்டாரத்தில் மிச்சிகன் மாநிலத்தின் தரவு காட்டிக் கொடுத்தது. சட்டப் பேராசிரியர்கள் ஜே.ஜே. பிரெஸ்காட், சோன்யா ஸ்டார் இருவரும் அந்த மாநிலத்தின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தகுதி பெற்றவர்களில் ஐந்தாண்டுக்குள் பதிவை நீக்கிக்கொண்டவர்கள் 6.5 சதவீதம்தான். மீதிப் பேருக்கு உரிமை தாளில் இருந்தது, கையில் இல்லை. நீக்கிக்கொண்டவர்களின் வருமானம் ஓராண்டுக்குள் இருபது சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. அவர்கள் மறுபடி குற்றம் செய்யும் விகிதமும் குறைவாக இருந்தது. மருந்து வேலை செய்கிறது, நோயாளி கைக்குத்தான் போய்ச் சேரவில்லை.

பிலடெல்பியாவில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும் கம்யூனிட்டி லீகல் சர்வீசஸ் அமைப்பின் வக்கீல்கள் தினமும் பார்த்தது இதைத்தான். மனுக்களை ஒவ்வொன்றாக எழுதித் தள்ளி மாளாது என்று கண்டவர்கள் அவர்கள். தகுதி என்பது தேதி, குற்றத்தின் தரம், தீர்ப்பு ஆகிய மூன்றைப் பார்த்து முடிவாகிற விஷயம். கணினி இதைச் செய்யும். மனிதர் ஏன் வந்து கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளீன் ஸ்லேட் பிறந்தது. கீழவையில் குடியரசுக் கட்சியின் ஷெரில் டெலோசியரும் ஜனநாயகக் கட்சியின் ஜோர்டன் ஹாரிசும் சேர்ந்து மசோதாவை முன்னெடுத்தார்கள். வர்த்தக சபை ஆதரித்தது. பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர்கள் சிலர் ஆதரித்தார்கள். கட்சிச் சண்டை உச்சத்தில் இருந்த காலத்தில் எதிர்ப்பே இல்லாத அளவுக்கு இரு அவையிலும் ஓட்டு விழுந்தது.

சட்டம் என்ன சொன்னது? தண்டனையில் முடியாத வழக்குகள் தானாக மூடப்படும். சம்மரி எனப்படும் மிகச் சிறிய குற்றங்கள், பத்தாண்டு கழித்து. அதற்கு அடுத்த நிலையான மிஸ்டிமீனர் எனப்படும் குற்றங்களில் கீழ் இரண்டு தரங்களும், பத்தாண்டு புதிய தண்டனை இல்லாமல் கழிந்திருந்தால், தானாக. முதல் தர மிஸ்டிமீனரில் சிலவற்றுக்கு மனு வழி. வன்முறை, பாலியல் குற்றம், துப்பாக்கி, குழந்தைகளுக்கு ஆபத்து விளைவித்தது போன்றவை வெளியே. மூடுவது அழிப்பது ஆகாது. போலீசும் அரசு வழக்கறிஞரும் கோர்ட்டும் தொடர்ந்து பார்க்கலாம். பொதுமக்கள், பெரும்பாலான முதலாளிகள், வீட்டுக்காரர்கள் பார்க்க முடியாது. மூடப்பட்ட வழக்கைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோலப் பதில் சொல்ல அந்த நபருக்குச் சட்டமே அனுமதி தருகிறது. இந்தக் கடைசி வரிதான் வாழ்க்கையை மாற்றுவது. விண்ணப்பப் படிவத்தில் உள்ள அந்தச் சின்னக் கட்டத்துக்கு முன்னால் வருடக்கணக்காகத் தயங்கி நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கணினி எப்படி மூடுகிறது

மாதாந்திரச் சுற்று ஒன்று ஓடுகிறது. மாநிலக் கோர்ட்டுகளின் நிர்வாக அலுவலகம், தன் கணினியில் உள்ள வழக்குகளைச் சட்டத்தின் நிபந்தனைகளோடு ஒப்பிட்டுத் தகுதியானவற்றின் பட்டியலை மாநிலக் காவல்துறைக்கு அனுப்புகிறது. காவல்துறையிடம்தான் மாநிலத்தின் மையக் குற்றப் பதிவேடு இருக்கிறது. அவர்கள் தங்கள் பதிவோடு சரிபார்க்கிறார்கள். ஒருவர் வேறொரு கவுன்ட்டியில் பின்னர் தண்டனை பெற்றிருந்தாலோ, வேறு தடை இருந்தாலோ அந்த வரியை நீக்கச் சொல்கிறார்கள். மீந்த பட்டியல் அந்தந்த கவுன்ட்டியின் கோர்ட்டுக்குப் போகிறது. நீதிபதி ஒரே உத்தரவில் ஆயிரக்கணக்கான வழக்குகளை மூடுகிறார்.

மேலே சொன்ன 3 கோடி என்ற எண் முதலில் கேட்கும்போது திகைப்பாக இருக்கும், மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே 1.3 கோடிதானே என்று. பெரும்பகுதி அபராதத்தோடு போகும் சம்மரி குற்றங்களும், தண்டனையில் முடியாத வழக்குகளும்தான். ஒருவர் பெயரில் பல வரிகள் இருக்கும். அதனால் எண்ணைப் பார்த்து, கைதிகளையெல்லாம் திறந்து விட்டுவிட்டார்கள் என்று பயந்தவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது.

இந்தச் சுற்று ஓடுவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. 67 கவுன்ட்டிகளின் வழக்குகளும் ஒரே வடிவில், ஒரே கணினியில் இருக்க வேண்டும். பல மாநிலங்களில் இது இல்லை. ஒவ்வொரு கவுன்ட்டியும் தனக்குப் பிடித்த மென்பொருளை வாங்கி வைத்திருக்கும். ஒன்று மற்றொன்றோடு பேசாது. பென்சில்வேனியாவுக்கு அந்த வசதி தானாகக் கிடைத்துவிடவில்லை. 1987ல் வந்த 64ஆவது சட்டம், கோர்ட்டுகள் வசூலிக்கும் அபராதம், கட்டணம், செலவுத் தொகை ஆகியவற்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, மாநிலம் முழுமைக்குமான நீதிமன்றக் கணினி அமைப்புக்கென்று ஒரு கணக்கில் போடச் சொன்னது. முதலில் கீழ்நிலை மாஜிஸ்டிரேட் கோர்ட்டுகள் கணினிக்கு வந்தன. 2003 முதல் 2006 வரை கவுன்ட்டிகளின் கிரிமினல் கோர்ட்டுகள் வரிசையாகச் சேர்ந்தன. கிளீன் ஸ்லேட்டைப் பற்றி யாரும் கனவுகூடக் காணாத காலத்தில் போட்ட அடித்தளம் அது.

அந்த அடித்தளத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று கவனியுங்கள். வழக்கில் சிக்கியவர்கள். போக்குவரத்து விதிமீறலுக்கு அபராதம் கட்டியவரும், சிறு திருட்டுக்குத் தண்டனை பெற்றவரும் கட்டிய காசில் ஒரு பகுதி அந்தக் கணினிக்குப் போனது. அந்தக் கணினிதான் அவர்களின் வழக்கை ஊர் பார்க்க விரித்து வைத்தது. அதே கணினிதான் பிறகு மூடவும் உதவியது. இந்த மாதிரி ஏற்பாட்டில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பொது நிர்வாகத்துக்கான செலவை எல்லா வரிசெலுத்துவோரும் பகிர வேண்டும். கோர்ட்டில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் ஏழைகள் எனும்போது, அவர்கள் பையிலிருந்து அமைப்பை நடத்துவது நியாயமான வரி ஆகாது. ஆனாலும் நிதிக்கு என்று ஒரு நிலையான ஊற்று ஒதுக்கப்பட்டதால்தான் முப்பது ஆண்டுகள் அந்த வேலை நிற்காமல் நடந்தது என்பதையும் மறுக்க முடியாது.

கட்டாத பாக்கி போட்ட பூட்டு

2018ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வாசகம் இருந்தது. கோர்ட் விதித்த நிதிக் கடமைகள் அனைத்தையும் தீர்த்திருந்தால்தான் தண்டனைப் பதிவு மூடப்படும். வாசிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். கடனைக் கட்டு, கதவைத் திறக்கிறோம்.

நடைமுறையில் என்ன ஆனது? பென்சில்வேனியாவில் ஒரு சாதாரண வழக்கு முடியும்போது கையில் வரும் ரசீதில் அபராதம் ஒரு வரிதான். அதற்குக் கீழே கணினிக் கட்டணம், சட்ட உதவிக் கட்டணம், மேற்பார்வைக் கட்டணம், கவுன்ட்டி கட்டணம் என்று வரிசை நீளும். சட்டமன்றம் ஒவ்வொரு முறை ஏதாவது ஒரு திட்டத்துக்குப் பணம் தேடும்போதும், வரியை உயர்த்தினேன் என்ற பெயர் வாங்காமல் இருக்க, இந்த ரசீதில் ஒரு வரியைச் சேர்ப்பது எளிது. அப்படியே வளர்ந்தது அது. அபராதம் கொஞ்சம்தான், ஆனால் மொத்தம் பல நூறு டாலர் என்றாகும். தானியங்கிச் சுற்று தொடங்கியபோது, மற்ற எல்லா விதத்திலும் தகுதியுள்ள மிஸ்டிமீனர் தண்டனைகளில் பெரும் பகுதி இந்தப் பாக்கி ஒன்றினாலேயே நின்றுபோனது.

வேலை கிடைக்காததால் பாக்கியைக் கட்ட முடியவில்லை, பாக்கி இருப்பதால் பதிவு மூடப்படவில்லை, பதிவு இருப்பதால் வேலை கிடைக்கவில்லை. பத்தாண்டுக்கு மேல் எந்தத் தவறும் செய்யாமல் வாழ்ந்த ஒருவரை, குற்றம் முடிந்த பிறகும் கட்டண ரசீது பிடித்து வைத்திருந்தது. பணம் உள்ளவர் அன்றே கட்டிவிட்டார். அவர் பதிவு போய்விட்டது. இல்லாதவர் பதிவு மட்டும் நின்றது. சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரான விளைவு இது.

சட்டமன்றம் இதை விரைவாகவே திருத்தியது, பாராட்டத்தான் வேண்டும். 2020 அக்டோபரில் கையெழுத்தான 83ஆவது சட்டம், பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டிய இழப்பீடு தீர்ந்திருந்தால் போதும், அபராதமும் கோர்ட் செலவும் பாக்கியிருந்தாலும் மூடலாம் என்றது. பாக்கி ரத்தாகவில்லை. வசூல் பிரிவு தொடர்ந்து கேட்கலாம். பூட்டு மட்டும் கழன்றது. முழுமையாக விடுதலை ஆனவர்கள், ஆளுநரின் மன்னிப்புப் பெற்றவர்கள் ஆகியோரின் பதிவை அழிக்கவும் இந்தத் திருத்தம் வழி செய்தது. மன்னிப்புக் கிடைத்த பிறகும் தனியாக மனுப் போட்டு அழிக்க வேண்டியிருந்த பழைய நிலை எனக்கு எப்போதும் புரியாத ஒன்று.

பதிவேட்டைக் காப்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து

இப்போது இன்னொரு பக்கம். மையப் பதிவேடு மாநிலக் காவல்துறையிடம் இருக்கிறது என்றேன். 1905ல் தொடங்கிய பழைய துறை அது. பென்சில்வேனியாவில் அதன் நிலைமை விசித்திரமானது.

மாநிலத்தில் 2,500க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் உண்டு. தனிப் போலீஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எதற்கும் இல்லை. வைத்துக்கொள்ளாவிட்டால் மாநிலக் காவல்துறை வந்து பார்த்துக்கொள்ளும், கட்டணம் இல்லாமல். மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உள்ளாட்சிகள் முழுமையாகவோ பகுதி நேரமாகவோ அவர்களை நம்பியிருக்கின்றன. குக்கிராமங்கள் மட்டும் இப்படி என்றால் புரிந்துகொள்ளலாம். வெஸ்ட்மோர்லாந்து கவுன்ட்டியில் உள்ள ஹெம்ப்ஃபீல்டு டவுன்ஷிப்பில் 40,000க்கு மேல் மக்கள் வசிக்கிறார்கள். அங்கும் சொந்தப் போலீஸ் இல்லை. பக்கத்திலேயே சொந்தப் போலீஸ் வைத்திருக்கும் ஏழைச் சிற்றூர், தன் போலீசுக்குச் சொத்துவரியும் கட்டி, ஹெம்ப்ஃபீல்டின் பாதுகாப்புக்கு மாநில வரியும் கட்டுகிறது.

இந்தச் செலவைச் சமாளிக்க மாநிலம் பல ஆண்டுகள் கை வைத்தது சாலைப் பணத்தில். பெட்ரோல் வரியும் வாகனப் பதிவுக் கட்டணமும் மோட்டார் லைசென்ஸ் ஃபண்ட் என்ற தனிக் கணக்குக்குப் போகும். மாநில அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, 11ஆவது உட்பிரிவு, அந்தப் பணத்தைச் சாலை, பாலம் ஆகியவற்றின் கட்டுமானம், பராமரிப்பு, அவற்றின் மீதான பாதுகாப்பு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும் என்கிறது. 'பாதுகாப்பு' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாநிலக் காவல்துறையின் பட்ஜெட்டில் பெரும் பங்கை அதிலிருந்தே எடுத்தார்கள். 2016-17ல் அப்படி எடுத்த தொகை 80.2 கோடி டாலர். அதற்கு மேல் போகாமல், ஆண்டுக்கு ஆண்டு குறைத்து 2027-28ல் 50 கோடியில் நிறுத்த வேண்டும் என்று 2016ல் நிதிச் சட்டத்தில் ஒரு வரம்பு போட்டார்கள். மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் யூஜின் டெபாஸ்குவாலே 2019ல் வெளியிட்ட அறிக்கை, 2012-13 முதல் 425 கோடி டாலருக்கு மேல் இப்படித் திசை மாறியதாகச் சொன்னது. நலிந்த பாலங்கள் அதிகம் உள்ள மாநிலம் அது என்பதால் அந்த எண் சுட்டது.

வுல்ஃப் மாற்றுவழி தேடினார். 2017ல், சொந்தப் போலீஸ் இல்லாத ஊர்கள் தலைக்கு 25 டாலர் கட்ட வேண்டும் என்று முன்மொழிந்தார். நிறைவேறவில்லை. 2019ல், ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து தலைக்கு 8 டாலரிலிருந்து 166 டாலர் வரை ஏறும் கட்டணம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் நிற்கவில்லை. கிராமப்புறத் தொகுதிகளின் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஊருக்கே புதுக் கட்டணம் கொண்டுவருவார்களா? அடுத்து வந்த ஆளுநர் ஜோஷ் ஷபிரோ உள்ளாட்சிகளிடம் கேட்பதை விட்டு, சாலைப் பணத்தைச் சார்ந்திருப்பதைப் படிப்படியாக வேகமாகக் குறைக்கும் பாதைக்குத் திரும்பினார். அரசியலாகப் பார்த்தால் அதுதான் நடக்கக்கூடியது. நியாயமாகப் பார்த்தால் ஹெம்ப்ஃபீல்டு கேள்வி அப்படியே இருக்கிறது.

குற்றப் பதிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பதிவேடு நடத்துவது இந்தத் துறையின் பல வேலைகளில் ஒன்று. பட்ஜெட் விவாதம் வரும்போது ஆட்கள் எத்தனை, ரோந்து எத்தனை, எந்த ஊருக்கு யார் கட்டுவது என்றுதான் பேசுகிறார்கள். விரல்ரேகைக் கோப்பில் பழுது இருக்கிறது, தீர்ப்பு வந்து சேராத கைதுகள் கிடக்கின்றன, இதைச் சரிசெய்ய ஆள் வேண்டும் என்று எந்தத் தொகுதியிலிருந்தும் உறுப்பினருக்குத் தொலைபேசி வராது. அதனால் இந்த வேலைக்கு வந்து சேரும் உதவியில் கணிசமானது வாஷிங்டனிலிருந்து. மாநிலங்களின் குற்ற வரலாற்றுப் பதிவுகளை மேம்படுத்த 1995 முதல் கூட்டரசு ஒரு மானியத் திட்டம் நடத்துகிறது. மானியம் வரும்போது வேலை நடக்கும், முடிந்தால் நிற்கும்.

பழுது எங்கே வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தானியங்கிச் சட்டத்தின் உயிர் இங்கேதான். ஒருவர் கைதானால் 48 மணி நேரத்துக்குள் விரல்ரேகை எடுத்து மாநிலக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது பென்சில்வேனியா சட்டம். அந்தக் கைதுக்கு ஒரு தொடரெண் விழுகிறது. அதே எண் வழக்குத் தாளிலும் ஏறுகிறது. கடைசியில் தீர்ப்பு வரும்போது, அந்த எண்ணைப் பிடித்துத்தான் தீர்ப்பு போலீஸ் பதிவோடு போய் ஒட்டுகிறது. விரல்ரேகை எடுக்கப்படாமல் போனால் ஒட்டுவதற்கு இடமே இல்லை. சிறிய ஊரின் இரண்டு மூன்று பேர் கொண்ட போலீஸ், சம்மன் கொடுத்து அனுப்பிய ஆளை விரல்ரேகைக்காகப் பக்கத்து நகருக்கு வரவழைக்க வேண்டியிருக்கும். அவர் போகாமல் இருந்துவிட்டால் அதைத் தேடிப் பிடிக்க யாருக்கு நேரம்? இப்படித்தான் கோர்ட்டில் முடிந்த வழக்கு ஒன்று போலீஸ் பதிவேட்டில் இல்லாமலே போகிறது. இல்லையென்றால், கைது மட்டும் இருந்து முடிவு இல்லாமல் தொங்குகிறது.

உள்ளூர்ப் போலீசின் பணப் பற்றாக்குறை, பல ஆண்டு கழித்து ஒருவரின் பதிவு மூடப்படாமல் போவதற்குக் காரணமாகிறது. இந்தச் சங்கிலியை யாரும் ஒரே மசோதாவில் எழுதுவதில்லை. போலீஸ் நிதி ஒரு குழுவுக்குப் போகிறது, பதிவுச் சட்டம் இன்னொரு குழுவுக்கு. 2022ல் கூட்டரசின் கொரோனா நிவாரண நிதியிலிருந்து உள்ளூர்ப் போலீசுக்கு 13.5 கோடி டாலர் மானியம் ஒதுக்கியபோது கருவிகள், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றுக்குச் செலவிடலாம் என்று இடம் இருந்தது. நல்ல வாய்ப்பு. என் கருத்தில், போலீசுக்குப் போகும் எந்த மானியத்திலும் விரல்ரேகையும் தீர்ப்பும் முழுமையாகப் பதிவாக வேண்டும் என்ற நிபந்தனையை எழுதியே ஆக வேண்டும். புதிய வாகனத்துக்கு ரசீது கேட்கிற அரசு, முழுமையான பதிவுக்கும் கணக்குக் கேட்கலாம்.

தரவில் வேறு ஓட்டைகளும் உண்டு. கணினிக்கு வராத பழைய தாள் வழக்குகளைச் சுற்று தொடாது. பழைய வழக்குத் தாளில் குற்றத்தின் தரம் குறிக்கப்படாமல் விட்டிருந்தால், கணினிக்கு அது இரண்டாம் தரமா, முதல் தரமா என்று தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குப் பழைய மனு வழிதான்.

வெளியே போன நகல்கள்

கோர்ட் மூடியது, போலீஸ் மூடியது. தனியார் பின்னணி விசாரணை நிறுவனங்களிடம் இருக்கும் நகல்? கோர்ட் தரவை மொத்தமாக வாங்கித் தங்கள் கணினியில் வைத்துக்கொள்பவர்கள் அவர்கள். இதற்கு பென்சில்வேனியா கோர்ட் நிர்வாகம் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. மூடப்பட்ட, அழிக்கப்பட்ட வழக்குகளின் பட்டியலை லைஃப்சைக்கிள் கோப்பு என்ற பெயரில் தொடர்ந்து வெளியிடுகிறது. மொத்தத் தரவு வாங்குபவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பிரதியிலிருந்தும் நீக்க வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை. மற்ற மாநிலங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடிய ஒன்று இது. ஆனால் வாங்கியவரிடமிருந்து வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கியவர் என்று தரவு கைமாறும்போது கோர்ட்டின் கை எட்டாது. அப்போது உதவுவது கடன் மற்றும் பின்னணி அறிக்கைகளின் துல்லியம் பற்றிய 1970ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம்தான். தவறான அறிக்கை வந்தால் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம், திருத்தாவிட்டால் வழக்குப் போடலாம். வேலை அதற்குள் வேறு ஒருவருக்குப் போயிருக்கும் என்பதுதான் வேதனை.

எஃப்.பி.ஐ. பதிவைக் கேட்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கட்டாயப்படுத்தும் வேலைகளுக்கு மூடிய பதிவும் தெரியலாம். குழந்தைகள், முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளில் இது அடிக்கடி எழும் சிக்கல். தன் நிலைமையைத் தெரிந்துகொள்ள விரும்புபவர் மாநிலக் காவல்துறையின் பேட்ச் என்ற இணையச் சேவையில் 22 டாலர் கட்டி என்ன வருகிறது என்று பார்க்கலாம். கோர்ட்டின் இணையத் தேடலில் தன் பெயரைப் போட்டுப் பார்ப்பது இலவசம். இரண்டையும் செய்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.

விரிந்த சட்டம், பின்தொடர்ந்த மாநிலங்கள்

2023 டிசம்பரில் ஷபிரோ கையெழுத்திட்ட 36ஆவது சட்டம், முதல் முறையாக ஃபெலனி எனப்படும் கடும் குற்றங்களின் தரத்தைத் தொட்டது. குறைந்த தண்டனை பெற்ற சில போதைப்பொருள் ஃபெலனிகள் பத்தாண்டு கழித்துத் தானாக மூடப்படும். மிஸ்டிமீனருக்கான காத்திருப்பு பத்திலிருந்து ஏழாண்டானது, சம்மரிக்கு ஐந்தானது. டெலோசியரும் ஹாரிசும் இதிலும் இருந்தார்கள். ஐந்தாண்டில் மூன்று சட்டங்கள், ஒவ்வொன்றும் முந்தையதன் அனுபவத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. சட்டம் செய்யும் முறையாகவே இது எனக்குப் பிடித்திருக்கிறது.

யூட்டா 2019ல் சட்டம் போட்டது, தானியங்கி வேலை 2022ல்தான் தொடங்கியது. மிச்சிகன் 2020ல் போட்டு 2023 ஏப்ரலில் தொடங்கியது. கனெக்டிகட் 2021ல் போட்டு, 2023 ஜனவரியில் தொடங்குவதாகச் சொல்லி, பதிவுகளையும் கணினியையும் தயார்செய்ய முடியாமல், அந்த ஆண்டு டிசம்பரில்தான் தொடங்கும் செய்தியை அறிவித்தது. நியூயார்க் 2023 நவம்பரில் கையெழுத்திட்டது; கோர்ட்டுகள் முழுதாகச் செய்துமுடிக்க 2027 நவம்பர் வரை அவகாசம். பென்சில்வேனியாவுக்கு ஓராண்டு போதுமாக இருந்ததையும் மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு ஆண்டுகள் ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மசோதாவின் வாசகம் ஏறத்தாழ ஒன்றுதான். 1987லிருந்து ஒழுங்காகப் பணம் போட்டு வளர்த்த ஒரு கோர்ட் கணினிதான் பெரிய வித்தியாசம்.

தீராத ஒன்று இழப்பீடு. அபராதப் பூட்டைக் கழற்றிய 2020ஆம் ஆண்டுத் திருத்தம், இழப்பீட்டைத் தொடவில்லை. அது பாதிக்கப்பட்டவரின் பணம், அரசின் பணம் அல்ல என்பதால் அதை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் இறந்திருக்கலாம், கடை மூடப்பட்டிருக்கலாம். கொடுக்க நினைத்தாலும் மாதம் பத்து டாலராகத்தான் கொடுக்க முடிகிறவர் இருக்கிறார். அவர் கொடுத்து முடிக்கும்வரை பதிவைத் திறந்து வைத்தால், கொடுப்பதற்கான வேலையை அந்தப் பதிவே தடுக்கிறது. ஒழுங்காகத் தவணை கட்டி வருபவருக்குப் பதிவை மூடிவிட்டு, மீதியை வழக்கம்போல வசூலிக்கலாம். தவணை நின்றால் மறுபடி திறக்கலாம். இதற்குத் தேவையான கட்டண விவரம் கோர்ட்டின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த திருத்தம் எழுதுபவர்கள் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கோரிக்கை.